தேக்கம்பட்டி வழக்கு: வேட்பாளர் மறைத்தால் வாக்காளருக்கு என்ன நட்டம்?



நகரியத்துக்குள் குடியிருக்கும்வரை ஊராட்சித் தேர்தல் என்ற பேச்சு நம் வீடுகளில் எழுவதில்லை. தெருவிளக்கு எரியாவிட்டாலும் தண்ணீர் வராவிட்டாலும் நிறுவனத்தின் நகர நிர்வாக அலுவலகத்தில்தான் புகார் எழுதிவைப்போம். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் வாக்களித்ததோடு நம் தேர்தல் கடமை முடிந்தது. ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு நிலைமை மாறிவிடுகிறது. வடக்குத்து, இந்திரா நகர் என்று வீடு கட்டிப் போனவர்கள் ஊராட்சி வாக்காளர்கள். மந்தாரக்குப்பம் பக்கம் போனவர்கள் பேரூராட்சி வாக்காளர்கள். சாக்கடை, ரேஷன் கடைக்குப் போகும் பாதை, கபரஸ்தான் சுற்றுச்சுவர் எல்லாவற்றுக்கும் தலைவரையும் வார்டு உறுப்பினரையும் தேடிப் போகவேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி அமைப்புகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்து வரும் தேர்தலில் நம் பிள்ளைகள் சிலர் நிற்கப்போவதாகப் பேச்சு வந்தபோது டிரஸ்ட் அலுவலகத்துக்கு இரண்டு கேள்விகள் வந்தன. மேலே வழக்கு இருந்தால் நிற்கலாமா என்பது ஒன்று. வழக்கைப் பற்றி மனுவில் எழுதாமல் விட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியை நல்ல மனிதர்களே கேட்டார்கள் என்பதால்தான் இந்தப் பாடத்தை எழுத வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் பதில் கோவை மாவட்டத்தின் ஒரு கிராம ஊராட்சியில் தொடங்கி உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கில் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் வட்டத்தில் பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது தேக்கம்பட்டி. கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்த ஊர் என்றால் பலருக்கு நினைவு வரும். 2006 அக்டோபர் 13-ஆம் தேதி நடந்த தேர்தலில் கிருஷ்ணமூர்த்தி என்பவர் அந்த ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேட்பாளர்கள் தங்கள் மீதுள்ள குற்ற வழக்குகளை உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்புதான் அறிவித்திருந்தது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பணத்தைக் கையாடியதாகவும் பொய்க் கணக்கு எழுதியதாகவும் அவர் மீது 2001-லேயே புகார் பதிவாகி, அதிலிருந்து பல குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி நிலுவையில் இருந்தன. அவரோ பத்திரத்தில் ஒரே ஒரு குற்ற எண்ணை மட்டும் எழுதினார். அதிலிருந்து கிளைத்த மற்ற வழக்குகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அவருடைய வெற்றியை எதிர்த்துக் கோவை மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கலாயிற்று. ஊராட்சித் தேர்தலுக்கு மாவட்ட நீதிபதியே தேர்தல் தீர்ப்பாயம். அடிப்படை ஒன்றிலிருந்து வந்த வழக்குகள்தானே, அந்த எண்ணைச் சொல்லிவிட்டேனே என்பது தலைவர் தரப்பு வாதம். மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்காமல் தேர்தல் செல்லாது என்றது. சென்னை உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கடைசியாக 2015 பிப்ரவரி 5-ஆம் தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, பிரஃபுல்ல சி. பந்த் அமர்வு அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டம் படிப்பவர்கள் இதை கிருஷ்ணமூர்த்தி எதிர் சிவகுமார் வழக்கு என்று தேடிப் படிக்கலாம்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் சங்கப் பணத்தைக் கையாடினாரா இல்லையா என்பதை இந்தத் தேர்தல் வழக்கு தீர்மானிக்கவில்லை. அது தனி நீதிமன்றத்தின் வேலை. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் தகுதியிழப்புக்குக் காரணமும் அல்ல. எல்லா வழக்குகளையும் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டு அவர் நின்றிருந்தால் மனு ஏற்கப்பட்டிருக்கும். ஊர் மக்கள் படித்துப் பார்த்து, "இது பொய் வழக்கு, எங்களுக்கு இவரைத் தெரியும்" என்று வாக்களித்து ஜெயிக்கவைத்திருந்தால் இந்தக் காரணத்தைச் சொல்லி யாரும் அவரைப் பதவியிலிருந்து இறக்கியிருக்க முடியாது. பதவி போனது வழக்கு இருந்ததால் அல்ல, எழுதாமல் விட்டதால்.

எழுதாமல் விட்டது எப்படித் தேர்தல் குற்றமாகும்? லஞ்சம் கொடுக்கவில்லை, மிரட்டவில்லை, கள்ள ஓட்டுப் போடவில்லை. இங்கேதான் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான படியைத் தாண்டியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 260-ஆம் பிரிவு ஊழல் நடவடிக்கைகள் எவை என்று சொல்கிறது. அதில் 'தகாத செல்வாக்கு' ஒன்று. வாக்காளர் தன் உரிமையைச் சுதந்திரமாகப் பயன்படுத்துவதில் நேராகவோ மறைமுகமாகவோ குறுக்கிடுவது என்பது அதன் பொருள். தடி எடுத்து மிரட்டுவது மட்டும் குறுக்கீடு அல்ல. வாக்காளர் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டிய செய்தியை, அது தனக்கு மட்டுமே முழுதாகத் தெரிந்த நிலையில், வேட்பாளர் ஒளித்துவைத்தால் அதுவும் குறுக்கீடுதான் என்று நீதிமன்றம் சொன்னது. கொடிய குற்றம், ஊழல், ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட வழக்கை மறைத்தால் அது தகாத செல்வாக்கு, தேர்தல் செல்லாது.

நம் மதரஸாக்களில் வியாபாரப் பாடம் ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சரக்கில் உள்ள குறையைச் சொல்லாமல் விற்றால், குறை தெரிய வந்ததும் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். அந்த உரிமைக்குக் கியாருல் ஐப் என்று பெயர். தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து மேலே காய்ந்ததைப் பரப்பிவைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அதே வியாபாரி ஈரத்தை மேலே போட்டு, பாருங்கள், வேண்டுமானால் வாங்குங்கள் என்று விற்றிருந்தால் அவர் மீது குறையில்லை. குறையைத் தெரிந்தே வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் இல்லை. வழக்கைச் சொல்லிவிட்டு நிற்பவருக்கும் மறைத்துவிட்டு நிற்பவருக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுதான்.

தீர்ப்பில் இன்னொரு பகுதி இதைவிட நுட்பமானது. சாதாரணமாக, ஒருவருடைய மனுவைத் தவறாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லித் தேர்தலை ரத்து செய்யக் கேட்டால், அந்தத் தவறால் முடிவே மாறிப்போயிற்று என்று காட்ட வேண்டும். எத்தனை வாக்கு வித்தியாசம், யாருக்குப் போயிருக்கும் என்றெல்லாம் கணக்கு வரும். மறைத்த வேட்பாளருக்கு இது வசதியான கேடயம். வாக்கு ரகசியமானது, அந்தச் செய்தி தெரிந்திருந்தால் இன்னார் மாற்றிப் போட்டிருப்பார் என்று யாரால் நிரூபிக்க முடியும்? வேட்பாளரே செய்த தகாத செல்வாக்கு என்று ஆகிவிட்டால், முடிவு மாறியதா என்ற கேள்விக்கே இடமில்லை என்று நீதிமன்றம் அந்தக் கேடயத்தைப் பிடுங்கிவிட்டது. ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தாலும் பயனில்லை.

இதில் எனக்கு வருத்தம் தருவது காலக் கணக்குதான். 2006-இல் நடந்த தேர்தல் செல்லாது என்ற கடைசிச் சொல் 2015-இல் வந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-லேயே முடிந்து, அடுத்த தேர்தலும் நடந்து, அந்தக் காலத்திலும் பாதிக்கு மேல் கடந்திருந்தது. தேக்கம்பட்டி மக்களுக்கு அந்தத் தீர்ப்பால் அந்த ஐந்து ஆண்டுகளில் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. பயன் நமக்குத்தான், அடுத்து நிற்பவர்களுக்கும் வாக்களிப்பவர்களுக்கும். ஆகவே, ஜெயித்த பிறகு வழக்குப் போடலாம் என்று காத்திருப்பதைவிட, மனு பரிசீலனை நாளுக்கு முன்பே உறுதிமொழிப் பத்திரங்களை வாங்கிப் படிப்பது எவ்வளவோ மேல். நம்மில் எத்தனை பேர் இதுவரை ஒரு வேட்பாளரின் பத்திரத்தைப் படித்திருக்கிறோம்? மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் மூன்று ஊரில் விசாரிக்கிறோம்.

தேர்தல் முடிந்தபின் எதிர்க்க வேண்டுமானால் ஊராட்சிச் சட்டத்தில் வழி இருக்கிறது. தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல, வாக்காளர் ஒருவரும் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாட்கள்தான் கெடு. கலெக்டருக்கு மனு, முதல்வர் தனிப்பிரிவுக்கு மனு என்று அலைந்து அந்த நாட்களைத் தவறவிடுகிறவர்கள் பலர். அரசியல் சட்டத்தின் 243-ஓ பிரிவின்படி ஊராட்சித் தேர்தலைத் தேர்தல் மனு மூலமாக மட்டுமே கேள்வி கேட்க முடியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பிடிக்காத வேட்பாளர் மீது ஏதாவது சொல்லிப் பதவியைப் பிடுங்கிவிடலாம் என்று யாராவது நினைத்தால் அதுவும் நடக்காது. தேர்தல் ஊழல் குற்றச்சாட்டைக் குற்ற வழக்குக்கு நிகரான கண்டிப்போடு நிரூபிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் பல காலமாகச் சொல்லிவரும் விதி. 2019-இல் தூத்துக்குடி மக்களவைத் தொகுதியில் ஜெயித்த கனிமொழி அவர்களின் மீது, சிங்கப்பூர்க் குடிமகனான கணவரின் வருமான வரி எண்ணைப் பத்திரத்தில் தரவில்லை என்று வாக்காளர் ஒருவர் தேர்தல் மனுச் செய்தார். சட்டத்தை எந்த இடத்தில் எப்படி மீறினார் என்பதற்கான அடிப்படை விவரமே மனுவில் இல்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அருணாசலப் பிரதேசத்தில் கரிகோ கிரி என்ற எம்.எல்.ஏ. மூன்று வண்டிகளைப் பத்திரத்தில் காட்டவில்லை என்று உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தலை ரத்து செய்தது. வண்டிகளை முன்பே கைமாற்றிவிட்டார், பதிவேட்டில்தான் பெயர் மாறவில்லை என்று தெரிந்ததும் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்தது. வாக்காளரின் முடிவைப் பாதிக்கக்கூடிய விவரம் வேறு, வேட்பாளரின் வீட்டுச் சாமான் பட்டியல் வேறு என்று அந்தத் தீர்ப்பு கோடு போட்டது.

வாட்ஸ்அப்பில் வரும் "இவர் மேல் கொலை வழக்கு இருக்கிறது" என்ற செய்தியை அனுப்பும் முன் இந்த இரண்டு வழக்குகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேட்பாளரைப் பற்றித் தெரிந்தே பொய்ச் செய்தி பரப்புவதும் தேர்தல் சட்டத்தில் ஊழல் நடவடிக்கைகளில் ஒன்றுதான். குற்றம் சாட்டுபவர் மீதே ஆதாரம் காட்டும் பொறுப்பு என்பதை நமக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்ற தேர்தல் குற்றங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பணம் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்தது. வாங்குவதும் குற்றம் என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவு இருவரையும் ஒன்றாகவே சேர்க்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வாக்குக்கு லஞ்சம் என்ற குற்றத்தில் ஒருவர் தண்டிக்கப்பட்டால் அபராதம் மட்டும் விதிக்கப்பட்டிருந்தாலும் ஆறு ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்க முடியாது. ஊரே சேர்ந்து பதவியை ஏலம் விடுவதும் இதே வகைதான். 2019 டிசம்பரில் நம் கடலூர் மாவட்டத்திலேயே ஒரு கிராமத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கோயிலுக்கு அல்லது பள்ளிவாசலுக்குத்தான் பணம் போகிறது என்று சமாதானம் சொல்வார்கள். பணம் எங்கே போனால் என்ன, ஏலத்தில் விற்கப்படுவது மற்றவர்களின் வாக்கு.

வென்றவர் எவ்வளவு பெரியவர் என்பதும் கணக்கில் வராது. 1971-இல் ரேபரேலியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்த பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தலை, அரசு ஊழியரின் உதவியைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினார் என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா 1975 ஜூன் 12-இல் ரத்து செய்தார். அடுத்து வந்த நெருக்கடி நிலையும், சட்டத்தையே திருத்தியதும், நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியதும் தனிக் கதை.

நம் ஜமாஅத்துகளுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123(3) பிரிவு சொல்கிறது. வேட்பாளர் தன் மதத்தைச் சொல்லிக் கேட்டால் மட்டும்தானா, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலுமா என்று நீண்ட நாள் சர்ச்சை இருந்தது. 2017 ஜனவரி 2-ஆம் தேதி ஏழு நீதிபதிகள் அமர்வில் நால்வர் பெரும்பான்மையாக, வாக்காளரின் மதமும் சேர்த்துத்தான் என்று முடிவு செய்தார்கள். ஊராட்சிச் சட்டத்திலும் சாதி, சமூகம், மதம் சொல்லி வாக்குச் சேர்ப்பது ஊழல் நடவடிக்கைப் பட்டியலில் இருக்கிறது. வேட்பாளரின் சம்மதத்தோடு வேறொருவர் செய்தாலும் அது வேட்பாளரின் தலையில்தான் விடியும். ஜும்ஆவுக்குப் பின் மைக்கைப் பிடித்து "நம்ம ஆளு, நம்ம ஓட்டு" என்று அன்பு மிகுதியில் ஒருவர் பேசுவது, ஜெயித்த நம்ம ஆளின் பதவிக்கே உலை வைக்கும். போதாததற்கு, வழிபாட்டிடங்களை அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. நிர்வாகிகளையும் அது பிடிக்கும். முத்தவல்லிகளும் இமாம்களும் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். நம் பிள்ளைகள் மீதுள்ள வழக்குகளில் பல, குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்டத்தின்போது சாலையில் உட்கார்ந்ததற்காகவும் ஊரடங்கை மீறியதற்காகவும் போடப்பட்டவை. சிலருக்கு நில எடுப்பை எதிர்த்த போராட்ட வழக்குகளும் இருக்கலாம். இவை ஊழலோ ஒழுக்கக்கேடோ அல்ல. இவற்றைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிலர் பெருமையாகவே சொல்வார்கள். ஆனாலும் படிவம் கேட்டால் எழுதியே தீர வேண்டும். "சின்ன வழக்குதானே, தேக்கம்பட்டித் தீர்ப்பு இதற்குப் பொருந்தாது" என்று வேட்பாளரே தன் வழக்குக்கு நீதிபதியாகிவிடக் கூடாது.

"அதெல்லாம் வாபஸ் ஆகிவிட்டதே" என்று ஒரு சகோதரர் சொன்னார். 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி அத்தகைய வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது உண்மை. அறிவிப்பு வேறு, வழக்கு முடிவது வேறு. நீதிமன்றத்துக்கு வந்துவிட்ட வழக்கை அரசு வழக்கறிஞர் மனுச் செய்து, நீதிமன்றம் சம்மதித்தால்தான் திரும்பப் பெற முடியும். உங்கள் வழக்கு எண்ணை வைத்து அது உண்மையில் முடிக்கப்பட்டதா என்று பாருங்கள். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். முடிந்திருந்தால் உத்தரவின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடியாமலிருந்தால் நிலுவையில் உள்ளது என்று எழுதுங்கள்.

காசோலை வழக்குகளையும் மறக்க வேண்டாம். கடை வைத்திருப்பவர்களுக்கு இது குற்ற வழக்கு என்ற நினைப்பே வருவதில்லை, கொடுக்கல் வாங்கல் தகராறு என்றே நினைக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு நகராட்சி உறுப்பினர், காசோலை திரும்பிய வழக்கில் தனக்குக் கிடைத்த தண்டனையைப் பத்திரத்தில் காட்டாததால் பதவி இழந்தார். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அவருக்கு உதவ மறுத்துவிட்டது.

பத்திரத்தைக் கட்சிக்காரர்களிடமோ எழுத்தரிடமோ கொடுத்து, கையெழுத்தை மட்டும் போட்டு வருவது நம் வழக்கம். அது உங்கள் பெயரில் நீங்கள் சத்தியம் செய்து தரும் சாட்சியம். எழுத்தர் விட்டுவிட்டார் என்ற பதில் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், நீதிமன்றம், வழக்கு எண், எந்தப் பிரிவுகள், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே புகாரிலிருந்து நான்கு குற்றப்பத்திரிகை வந்திருந்தால் நான்கையும் எழுதுங்கள். தேக்கம்பட்டியில் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள்.

கடைசியாக, இந்தப் பாடம் நிர்வாகக் குழுவில் படிக்கப்பட்டபோது ஒரு மூத்த உறுப்பினர், ஊராட்சித் தலைவரிடம் கேட்பதை நம் டிரஸ்ட் நிர்வாகிகளிடம் ஏன் கேட்கக்கூடாது என்றார். பைத்துல்மால் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் நாம். நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிடுபவர்கள் தங்கள் மீதுள்ள வழக்குகளையும், டிரஸ்டிடமிருந்து பெற்று இன்னும் திருப்பித் தராத கடனையும் ஒரு தாளில் எழுதித் தரவேண்டும், அது வாக்கெடுப்புக்கு ஏழு நாட்கள் முன்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்று ஒரு தீர்மான வரைவு தயாராகியிருக்கிறது. குழுவில் இருவர் இதை எதிர்க்கிறார்கள், சேவை செய்ய வருபவர்களை இது விரட்டிவிடும் என்பது அவர்கள் கருத்து. நான் ஆதரிக்கிறேன். இன்ஷா அல்லாஹ் அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வரும். வரைவின் நகல் அஸருக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும்.